துரைமார் தேடும் தகுதி

மார்ச் 8 நெருங்கினால் போதும், தேயிலைக் கம்பெனிகளுக்குப் பெண்கள்மேல் பாசம் பொத்துக்கொண்டு வரும். மேடையில் ஐந்து ஆண்கள் அமர்ந்து ‘தலைமைப் பொறுப்பில் மகளிர்’ பற்றிப் பேசுவார்கள். பெண்கள் வந்தால் கம்பெனிக்கு என்ன லாபம் என்று திரையில் படம் காட்டுவார்கள். ஆண்கள் வந்ததால் என்ன லாபம் என்று ஒரு படமும் இதுவரை ஓடியதில்லை.

குன்னூர்ப் பக்கம் எடை போடும் இடத்துக்கு வாருங்கள். மழையில் நனைந்து, அட்டைக்கடியோடு, முதுகில் இலை மூட்டையோடு வரிசையில் நிற்பவர்கள் பெண்கள். தராசு பார்ப்பவர் ஆண். “தண்ணி இலை” என்று இரண்டு கிலோ கழிப்பவர் ஆண். அவருக்கு மேல் சூப்பர்வைசர், சின்ன துரை, பெரிய துரை. முப்பது வருஷம் இலை எடுத்தவளுக்கு ஒவ்வொரு செடியின் ஜாதகமும் தெரியும். நேற்று வந்த பையனுக்கு அவளை “ஏய்” என்று கூப்பிடத் தெரியும். பதவி உயர்வு யாருக்கு?

கேட்டால், “கரடி வரும், காட்டெருமை வரும், பெண்களுக்குச் சரிப்படாது” என்பார்கள். இலை எடுப்பவளைக் கண்டு ஒதுங்கிப்போகும் காட்டெருமை, சூப்பர்வைசர் அம்மாவை மட்டும் தேடிவந்து முட்டுமோ?

இதே நீலகிரியில் கலெக்டராக இருந்த சுப்ரியா சாஹு பிளாஸ்டிக்குக்குத் தடை போட்டார். 2018-இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி யானை வழித்தட விடுதிகளைப் பூட்டி சீல் வைத்தது இன்னசென்ட் திவ்யா கலெக்டராக இருந்தபோதுதான். பெண் மாவட்டத்தை ஆளலாம். தோட்டத்தில் ஒரு டிவிஷனை மேய்க்க மட்டும் மீசை வேண்டும்!

பங்குச்சந்தைக் கம்பெனிகளில் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்றது 2013 கம்பெனிச் சட்டம். முதலாளிகள் பலர் வெகுதூரம் தேடவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்கள்.

தலைமை தாங்கத் தெரிந்த பெண்கள் கிடைக்கவில்லையாம். 2015 செப்டம்பரில் மூணாறில் கிடைத்தார்களே! தமிழ்த் தோட்டப் பெண்கள், சங்கத் தலைவர்களான ஆண்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, ‘பெம்பிளை ஒருமை’யாக ரோட்டில் உட்கார்ந்தார்கள். கம்பெனி குறைத்திருந்த போனஸ், கருணைத்தொகையும் சேர்ந்து 20 சதவீதமாகத் திரும்பி வந்தது. கம்பெனிக்கு மட்டுமல்ல, சங்கத்து அண்ணன்மாருக்கும் வியர்த்துப்போனது.

எடைத் தராசைப் பெண் கையில் கொடுக்கச் சட்டம் வேண்டாம், கருத்தரங்கு வேண்டாம். நாளைக் காலை துரை ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல மாட்டார். அந்த இரண்டு கிலோ இத்தனை வருஷமாக எங்கே போனது என்று முதல் நாளே கேட்டுவிடுவாளே!