செத்த தோலுக்குத்தாண்டா சுண்ணாம்பு!

இன்னாடா மருமவனே, புண்ணு எப்டி கீதுன்னு கேட்டா, ‘வலியே இல்ல மாமா’ன்னு மீசைய முறுக்குற? உள்ளங்கால்ல எட்டணா அகலத்துக்குக் குழி. அதுல வலி இல்லன்னா வீரம் இல்லடா, சக்கர வியாதி. நரம்பத் துன்னுட்டுப் போயிருக்கு. ஆம்பூர்ல உக்காந்து ஜெர்மனிக்காரன் காலுக்கு ஷூ தைக்கிற, உன் காலு ஓட்டையானது உனக்குத் தெரியல.

நம்ம வேலூர் சிஎம்சிக்கு 1946-ல பால் பிராண்டுன்னு ஒரு டாக்டர் வந்தார். தொழுநோய் வந்தா விரல் தானா அழுகி விழுதுன்னு ஊரே நம்பின காலம். இவர் கூடவே இருந்து பாத்தார். வலி தெரியாததால கொதிக்கிற பாத்திரத்தப் புடிக்கிறாங்க, புண்ணு மேலயே நடக்கிறாங்க, அதுலதான் விரலு போவுதுன்னு கண்டுபுடிச்சார். ராத்திரியில எலி வந்து விரலக் கடிச்சாக்கூட முழிப்பு வர்ல. அப்புறம் வீட்டுக்குப் போறவங்க கையில ஆளுக்கொரு பூனையக் குடுத்தே அனுப்பினாங்களாம். உனக்குப் பூனை வேணாம், உன் பொண்டாட்டி போதும். எலி இன்னா, நானே கிட்ட வரப் பயப்படுறேன்.

பாதத்துப் புண்ணுக்கு அவர் போட்டது மாவுக்கட்டு. தரையில அழுந்தலன்னா புண்ணு தானா மூடிக்கும். இப்ப சக்கரப் புண்ணுக்கும் உலகமெல்லாம் அதத்தான் போடுறாங்க. நீ இன்னாடான்னா நடந்தே பஸ் ஸ்டாண்டு வரிக்கும் போற, கேட்டா ‘ரத்த ஓட்டம்’ங்கிற!

அதுக்கு மேல, கட்ட அவுத்துட்டு உப்பு, சுண்ணாம்பு, ஆவாரம்பட்டக் கஷாயம். டேய், மூணும் டேனரில நான் தோலுக்குப் போட்ட சாமான். செத்த மாட்டுக்கு அது. உயிரோட கீற தோலப் பதம் பண்ணி எந்தத் தேசத்துக்கு ஏத்துமதி பண்ணப் போற?

கைய சோப்புப் போட்டுக் கழுவு. டாக்டர் குடுத்த சலைன்ல, இல்லன்னா காச்சி ஆறவெச்ச தண்ணியில புண்ணக் கழுவி, சுத்தமான துணி வெச்சிக் கட்டு. காத்தாட வுட்டுக் காய வெக்காத, கொஞ்சம் ஈரப்பதம் இருந்தாத்தான் புதுத் தோலு ஏறும். வெந்நியில காலு வெக்காத, வெந்து போனாலும் உனக்குத் தெரியாது. செல்போன்ல மூஞ்சியையே புடிச்சிகினு கீறியே, தெனம் ஒரு தபா உள்ளங்காலையும் புடி. சுத்திச் செவந்தா, நாத்தம் அடிச்சா, கறுத்தா, ஜுரம் வந்தா, அன்னிக்கே ஆஸ்பத்திரி. விடியட்டும்னு ஜோசியம் பாக்காத.

ஆறின பொறவு கரிகிரி ஆஸ்பத்திரிப் பக்கம் போய் மெத்துன்னு எம்சிஆர் ரப்பர் செருப்பு ஒண்ணு கேட்டு வாங்கு. உன் கம்பெனி ஷூவு ஜெர்மனிக்கே போவட்டும்.

எங்க அக்கா பேச்சக் கேட்டு முட்டைய நிறுத்திட்டியாமே? சீழ் புடிக்குமாம்! குழி மூட சதை வேணும்டா. முட்டை, மீனு, பருப்பு துன்னு. சக்கர மாத்திரைய மறக்காத. கால மேல தூக்கி வெச்சிகினு படு, பிரியாணிய நான் வாங்கியாறேன். கறி உனக்கு, சோறு எனக்கு.