வோல்ட்டேஜ் சரி, மணிதான் சரியில்லை

பழைய அமெரிக்கக் கடிகார ரேடியோவை ஆசையாகத் தேடி வாங்கி ஜெர்மனிக்குக் கொண்டுபோகிறவருக்கு முதல் ஞானம் புகையாக வரும். 120 வோல்ட் பெட்டியை 230 வோல்ட்டில் சொருகினால் வேறென்ன வரும்?

விவரமானவர்கள் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிடுவார்கள். ரேடியோ பாடும், எண் தகடுகள் டப்பென்று புரளும். வெற்றிக் களிப்பில் படுக்கப் போவார்கள்.

வினை அதன்பிறகுதான். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜைக் குறைக்குமே தவிர அதிர்வெண்ணைத் தொடாது. கடிகாரத்தின் சிங்க்ரனஸ் மோட்டாரோ மின்சாரத்தின் அதிர்வெண்ணை நம்பித்தான் ஓடுகிறது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மோட்டார் ஜெர்மனியின் 50 ஹெர்ட்ஸில் மணிக்கு 10 நிமிடம் பின்தங்கும். இரவு 10 மணிக்கு நேரத்தைச் சரிசெய்து, 6 மணிக்கு அலாரம் வைத்தால், கடமை தவறாமல் 7.36-க்கு எழுப்பும். தாமதத்துக்கு இவ்வளவு அறிவியல்பூர்வமான சாக்கு எந்த மேலாளருக்கும் கிடைத்திருக்காது.

ஜப்பானியருக்கு இந்தக் கூத்து உள்நாட்டிலேயே கிடைக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டரையும் வாங்கின. இன்றும் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60. வாங்கியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வம்பு மட்டும் தங்கிவிட்டது.

பரிகாரம் உண்டு: 50 ஹெர்ட்ஸுக்கான மோட்டாரோ பல்சக்கரமோ தேட வேண்டும், அல்லது 60 ஹெர்ட்ஸ் தரும் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும். செலவு ரேடியோவின் விலையைத் தாண்டினால் அதிசயமில்லை.

இத்தனையும் முடித்து மீடியம் வேவில் முள்ளைத் திருப்பினால் இரைச்சல்தான் மிச்சம். ஜெர்மனியின் டாய்ச்லாண்ட்ஃபுங்க் வானொலி 2015 கடைசியோடு அந்த அலைவரிசைக்கு மூடுவிழா நடத்திவிட்டது.