ஆயில் போகும் வழி

திண்டுக்கல்லில் பழைய அம்பாசடர் வைத்திருப்பவன் ஒரே ஜோக்கை ஆயுசு முழுக்கக் கேட்க வேண்டும். "பூட்டுக்குப் பேர்போன ஊருல இருந்துக்கிட்டு ஆயிலைப் பூட்டி வைக்க முடியலையா சார்?" பால்காரர் கேட்டுவிட்டார், பெட்ரோல் பங்க் பையன் கேட்டுவிட்டான், துக்கம் விசாரிக்க வந்த மாமாகூட வாசலைப் பார்த்துவிட்டு அதையே கேட்டார். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து ஜோக்குக்குத் தனிக் கம்பீரம் வந்துவிட்டது.

வண்டி அப்பா விட்டுப்போன 1978 மாடல், மார்க் 3. எஞ்சின் 1489 சிசி பெட்ரோல். பிறந்த வீடு இங்கிலாந்து. உத்தரபாரா தொழிற்சாலையில் 2014-ல் அம்பாசடர் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதனால் உதிரிபாகம் கேட்டுப் போனால், "இன்னுமா வச்சிருக்கீங்க?" என்றுதான் கடைக்காரர் பேச்சை ஆரம்பிக்கிறார்.

பேகம்பூர்ப் பக்கம் ஒரு மெக்கானிக். அறுபதைத் தாண்டியவர், ஊருக்கே பாய். பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். "தம்பி, எங்க ஒழுகுதுன்னு கேக்காதீங்க. எங்க ஒழுகலைன்னு கேளுங்க, சட்டுன்னு சொல்லிடுறேன்."

பேக்கிங் மாற்றும் படலம் மேலேயிருந்து தொடங்கியது. ராக்கர் கவர் பேக்கிங் கார்க்கில் ஆனது. பல வருஷச் சூட்டில் அது அப்பளம் மாதிரி விறைத்து, தொட்டதும் நொறுங்கியது. புதுசு வைத்தபின் ஸ்பானரை என்னிடம் நீட்டினார். ஒரு சுற்று முடிவதற்குள் பிடுங்கிக்கொண்டார். "ஒழுகுதேன்னு இன்னும் முறுக்குவீங்க. கார்க் நசுங்கிப் பிதுங்கிரும், தகரக் கவர் வளைஞ்சிரும், அப்புறம் நிம்மதியா ஒழுகும்."

மேலே அடைத்ததும் ஆயில் பக்கவாட்டில் இறங்கியது. அங்கே இரண்டு சைடு கவர்கள், மேனிஃபோல்டுக்குக் கீழே, கை நுழையாத சந்தில். அவற்றைத் தொட மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும், அதற்குக் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும், கழற்றிய பாவத்துக்கு அந்தப் பேக்கிங்கும் புதுசு. அடுத்து சம்ப், டைமிங் கவர். டைமிங் கவருக்குப் பேக்கிங் எங்கும் கிடைக்கவில்லை. பாய் அலட்டிக்கொள்ளவில்லை. பேக்கிங் ஷீட்டைக் கவர்மேல் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பிலேயே டொக் டொக் என்று தட்டிக்கொண்டு வந்தார். இரும்பு விளிம்பே கத்தியாகி ஷீட்டை வெட்டியது. போல்ட் ஓட்டைகளும் அப்படியே விழுந்தன. இதைப் பார்க்க டிக்கெட் போடலாம்.

எல்லாம் முடித்துச் சிறுமலைக்கு ஓட்டினேன். 18 கொண்டை ஊசி வளைவுகள். திரும்பி வந்தால் புதுப் பேக்கிங்குகள் எல்லாமே கசிகின்றன.

பாய் எஞ்சினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று புகை. பிஸ்டன் ரிங் தேய்ந்துபோனால் எரிந்த வாயு கீழே சம்ப்புக்குள் இறங்கிவிடும். அது வெளியேறத்தான் பிரீத்தர் குழாய். எங்கள் குழாயில் கரி இறுகிக் கல்லாகியிருந்தது. வாசல் மூடிக் கிடந்தால் அந்த வாயு சும்மா இருக்குமா? ஆயிலையும் தள்ளிக்கொண்டு கிடைத்த இடுக்கில் வெளியேறியது. அந்தக் குழாய் இருப்பது முன்பக்க சைடு கவரில்தான். பேக்கிங் மாற்றும்போது அதைக் கையில் வைத்திருந்தோம். இதை நான் சொல்லிக்காட்டவில்லை. பாய் இந்தக் கட்டுரையைப் படிக்கவும் மாட்டார்.

கரியை எடுத்ததும் பெரும்பாலான கசிவு நின்றது. நிற்காதது ஒன்று: கிளட்ச் ஹவுசிங் அடியில் விழும் சொட்டு. இந்த எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனைக்கு ஆயில் சீலே கிடையாது. ஷாஃப்ட்மேல் மரை வெட்டியிருக்கிறார்கள். சுற்றும்போது அது ஆயிலை உள்ளே இழுத்துக்கொள்ளும். வண்டி நின்றால் மரைக்கு விடுமுறை. வெள்ளைக்காரனுக்கு இது தெரியாமல் இல்லை. ஹவுசிங் அடியில் ஓட்டை போட்டு, அது அடைத்துக்கொள்ளாமல் ஆடிக்கொண்டேயிருக்க ஒரு ஸ்ப்ளிட் பின்னையும் தொங்கவிட்டிருக்கிறான். ஊழலுக்குக்கூட இத்தனை ஒழுங்கான ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நின்றால், பேக்கிங் கடைக்கு ஓடுமுன் பிரீத்தரைக் கழற்றி டீசலில் கழுவுங்கள். வாராவாரம் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். பின்பக்கச் சொட்டுக்கு ஒரு பழைய தகரத் தட்டு போதும். அதற்கு ஆயில் சீல் கேட்டு எந்தக் கடைக்காரரையும் தொந்தரவு செய்யாதீர்கள்.