முன்பே தெரிந்த காந்த அமைப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

நியூட்ரான் கருவியில் நான்கு நாள் கிடைத்துவிட்டதா? வாழ்த்துகள்! விடையை விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டீர்கள். இனி தரவை வழிக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி. மாங்கனீசு ஆக்சைடில் பழகுங்கள்.

1. ஒரே வெப்பநிலையில் மட்டும் அளந்துகொள்ளுங்கள். 1949-இல் ஓக் ரிட்ஜில் ஷல்லும் ஸ்மார்ட்டும் இதே தூளை அறை வெப்பநிலையிலும் அளந்தார்கள், 80 கெல்வினிலும் அளந்தார்கள். சூட்டில் இல்லாத முகடுகள் குளிரில் முளைத்தன. 4.43 ஆங்ஸ்ட்ராம் அலகுக் கூடு காந்தக் கணக்கில் 8.85 ஆனது, நீல் சொன்ன எதிர்ஃபெர்ரோ காந்தம் கண்ணுக்குத் தெரிந்தது. உங்களுக்கு அவ்வளவு பொறுமை எதற்கு? குளிரில் மட்டும் அளந்தால் போதும்.

2. வடிகட்டியைக் கழற்றி வையுங்கள். கற்றையில் அரை அலைநீள நியூட்ரான்களும் கொஞ்சம் கலந்து வரும். அவை 111 தளத்தில் பட்டுச் சிதறி, காந்த முகடு வர வேண்டிய அதே அரை, அரை, அரை இடத்தில் வந்து நிற்கும். சூடாக்கினாலும் நகராது. சூடாக்கத்தான் போவதில்லையே!

3. தூளில் ஹாஸ்மனைட் கொஞ்சம் இருக்கட்டும். அதுவும் மாங்கனீசு ஆக்சைடுதான், ஏறக்குறைய 42 கெல்வினுக்குக் கீழே தனக்கென்று காந்த ஒழுங்கு வைத்திருப்பது. 4 கெல்வினுக்கு இறங்கி, அதன் முகடுகளுக்குப் ‘புதிய காந்தக் கட்டம்’ என்று பெயர் சூட்டுங்கள். தனிக் கட்டுரையே தேறும்.

4. காந்தத் திருப்புத்திறன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தூளை வைத்தே அறுதியிட்டுச் சொல்லுங்கள். 1951-இல் ஷல் குழு கன அச்சின் திசை என்றது. 1958-இல் ராத், இல்லை, 111 தளத்துக்குள் படுத்திருக்கிறது என்றார். அந்தத் தளத்துக்குள் எந்தத் திசை என்பதைத் தூள் சொல்லாது. நீங்கள் மட்டும் டிகிரிக் கணக்கில் சொல்லுங்கள், தசமப் புள்ளியோடு.

5. மாங்கனீசு அயனியின் திருப்புத்திறன் 5 போர் மேக்னெட்டானுக்கு மேல் போகக் கூடாது. 6.3 வந்தால் பதறாதீர்கள். ஸ்கேல் எண்ணைத் திருகுங்கள், 4.9 வரும் வரை.

6. கடைசி இரவில் மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி வருவார். “காந்த ஒழுங்கு கலையுற 118 கெல்வினுக்கு மேலே ஒரே ஒரு தடவை ஏத்திப் பாத்துடலாமா சார்?” என்பார். காபி வாங்கிவர அனுப்பிவிடுங்கள்.