விழ அனுமதி இல்லாத கல்

கண்ணால் காண்பதும் பொய் என்பதை முழுமனதோடு கடைப்பிடித்தவர்கள் பாரிஸ் அறிவியல் கழகத்தார்தான். 1768 செப்டம்பரில், பிரான்சின் லூசே கிராமத்து வயலில், இடிபோன்ற சத்தத்தோடு ஒரு கல் விழுந்தது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். பாதி மண்ணில் புதைந்து, தொட்டால் கை சுடும் அளவுக்குக் கொதித்தது.

கழகம் பதறவில்லை. லவாய்சியர் உட்பட மூன்று மேதைகள் கல்லைச் சோதித்தார்கள். வானத்திலிருந்து விழவில்லை, தரையில் கிடந்த கல்லை மின்னல் தாக்கியிருக்கிறது என்றார்கள். நியாயம்தானே? பார்த்தவர்கள் பக்கத்தில் நின்றார்கள்; பக்கத்தில் நின்றால் பார்வை மறைக்கும். பாரிஸிலிருந்து பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும். போதாததற்கு அவர்கள் கையில் அரிவாள். இவர்கள் கையில் பேனா.

கற்களுக்குத்தான் படிப்பறிவு போதவில்லை. 1803 ஏப்ரல் 26, பட்டப்பகலில், அதே பிரான்சின் லேகிள் ஊரில் ஏறத்தாழ 3,000 கற்கள் விழுந்தன. அரசு பியோ என்ற இளம் விஞ்ஞானியை அனுப்பியது. அவர் செய்தது பெரும் புதுமை: ஊர்க்காரர்களிடம் போய்க் கேட்டார்! அறிக்கை எழுதினார். அன்றுமுதல் வானத்துக் கற்கள் முறைப்படி விழத் தொடங்கின. அதுவரை விழுந்தவை எல்லாம் அனுமதியின்றி விழுந்தவை.