செலவில்லாமல் தீவுக்குப் போவது எப்படி?

கூடப் படிக்கிற பையன் ஒருவன் மாலத்தீவு போய்வந்து படம் காட்டியதிலிருந்து என் மகனுக்குச் சொந்த ஊர் கசந்துவிட்டது. "வாப்பா, நாமளும் ஒரு தீவுக்குப் போவோமே" என்று தினமும் நச்சரிப்பு. எங்கள் ஊரான காயல்பட்டினத்தில் மாப்பிள்ளைகள் மனைவி வீட்டோடு இருப்பதுதான் வழக்கம். ஆகவே பேச்சு உடனே மாமியின் காதுக்குப் போனது. "தீவா? போன தடவ போன தீவே இன்னும் சுவத்துல காயலயே" என்றார் மாமி.

என்னைப் போலவே கையைப் பிசையும் குடும்பத் தலைவர்களுக்காக, அனுபவத்தில் கண்ட வழிகளை எழுதிவைக்கிறேன்.

முதலில் மாலத்தீவையே எடுத்துக்கொள்வோம். விசாவுக்குக் காசில்லை, போய் இறங்கினால் முத்திரை குத்திவிடுவார்கள். சிக்கனம் அந்த முத்திரையோடு சரி. கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் வாட்டர் வில்லாவின் வாடகையை விசாரித்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குத் தோணி போகிறதே, தொற்றிக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் காய்கறியும் கட்டுமானச் சாமானும்தான் போகும். நீங்கள் இரண்டிலும் சேர்த்தி இல்லை. அதற்குப் பதில் கால் கிலோ மாசிக் கருவாடு வாங்கிச் சம்பல் இடித்துக் கொடுங்கள். பிள்ளைக்கு மாலத்தீவின் வாசனையாவது கிடைக்கும்.

லட்சத்தீவு நம் நாடுதான். ஆனாலும் பெர்மிட் வேண்டும், கொச்சிக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். பெர்மிட் வருவதற்குள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

அடுத்தது இலங்கை. கொழும்பு நம் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்த இடம் என்பதால், தங்கும் செலவு மிச்சம் என்று மனக்கணக்குப் போடத் தோன்றும். இதற்குச் சான்றும் காட்டலாம்: இலங்கை முஸ்லிம்களான சோனகர்களின் தாயூர் காயல்பட்டினம் என்று 1888-இல் பொன்னம்பலம் இராமநாதன் வாதிட்டிருக்கிறார். ஆனால் அதை மறுத்து 1907-இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் ஒரு நூலே எழுதிவிட்டார். எனவே கொழும்புப் புறக்கோட்டையில் யார் வீட்டுக் கதவையாவது தட்டி "நாங்க சொந்தக்காரங்க" என்று சொல்லுமுன், அவர்கள் இரண்டில் எந்தக் கட்சி என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

கப்பல் விஷயத்திலும் அவசரப்பட வேண்டாம். 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஸ்கோட்டியா பிரின்ஸ் என்ற கப்பலை விட்டார்கள். என் மச்சான் பெட்டி வாங்கி, பெட்டிக்குப் பூட்டு வாங்கி, பூட்டுக்குச் சாவிக்கொத்து வாங்குவதற்குள் நவம்பர் வந்தது, கப்பல் நின்றது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி அதே மாதம் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி கிளம்பியது. மச்சானின் பெட்டி இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. அதில் இப்போது பழைய போர்வைகள்.

பக்கத்திலேயே தீவுகள் இல்லையா என்றால், மன்னார் வளைகுடாவில் 21 இருந்தன. இரண்டு கடலுக்குள் போய்விட்டன. மிச்சமிருப்பவை 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. தூத்துக்குடி முயல் தீவுக்குத் தடை இல்லை, ஆட்டோவிலேயே போகலாம். ஆட்டோவில் போகிற இடத்தைத் தீவு என்று என் மகன் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி நான் சொல்லவந்த வழி. வீட்டிலேயே இருங்கள், தீவு வரும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கணக்கெடுத்தபோது, 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்திருந்த மழை 95 செ.மீ. ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் இந்தப் பக்கம் அவ்வளவு வராது. திருச்செந்தூருக்கே 69 தான். தாமிரபரணி கரை மீறியது, குளங்கள் உடைந்தன, சாலை போனது, தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் போனது. மார்க்கோ போலோ காலத்திலிருந்து உலகத்துக்கே தெரிந்த கடற்கரை, ஒரே ராத்திரியில் நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த சுத்தமான தீவாகிவிட்டது. டிக்கெட் இல்லை, பெர்மிட் இல்லை.

வசதிகளைச் சொல்கிறேன். மாலத்தீவில் தரையில் கண்ணாடி பதித்து மீன் காட்டுவார்களாம். எங்கள் வீட்டில் கண்ணாடி இல்லாமலே கட்டிலுக்கு அடியில் கெளுத்தி ஓடியது. பெண்கள் நடமாடும் முடுக்கில் இடுப்பளவு தண்ணீர். விருந்துக்குக் களறிச் சோறு ஆக்கும் பெரிய சட்டி ஒன்று அதில் மெதுவாகச் சுற்றிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டு ராத்தா அதைப் பிடித்து, உள்ளே அரிசியும் தேங்காயும் வைத்து எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். நாங்கள் கஞ்சி காய்ச்சி அதே சட்டியில் திருப்பி அனுப்பினோம். மாடியில் ஏழு பேர், தட்டு இரண்டு. சஹன் என்ற ஒரே பெரிய தட்டில் கூடி உண்ட பழக்கம் கைகொடுத்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. இதற்கென்றே பெரிய ரிசார்ட்டுகளில் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். சுற்றுவட்டாரத்துக்கு ஹெலிகாப்டரில் சாப்பாடு வந்தது. செந்தூர் எக்ஸ்பிரஸில் கிளம்பியவர்கள் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்று ரயிலையே விடுதியாக்கிக்கொள்ள, புதுக்குடிக்காரர்கள் சோறு பொங்கிப் போட்டார்கள்.

குறை சொல்ல ஒன்று உண்டு. தண்ணீர் வடிந்ததும் சேற்றை அள்ளுவது விருந்தாளியின் வேலை. எங்களுக்குப் பத்து நாள் ஆனது. மாமியின் புடவைப் பெட்டியை வெயிலில் கொட்டியபோது அவர் பக்கத்தில் வந்து நிற்கவே இல்லை.

கடைசியில், கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. சுற்றுலா போனவன் கையில் காசு கொடுத்தனுப்பிய தீவு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதனால் வானிலை அறிக்கையில் எங்கள் ஊர்ப் பெயர் அடிபட்டால், புடவைப் பெட்டிக்கும் முன்னால் குடும்ப அட்டையை மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.