டச்சுக்காரர் வருகிறார், வேன் வேண்டாம்

டெல்ஃப்ட், நெதர்லாந்து

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே குளிர், மழை, இருட்டு மூவரும் சௌக்கியம். அங்கே நீ, மாமா, பிள்ளைகள் நலம்தானே?

பொங்கலுக்கு வருகிறேன் என்றதும் சந்தோஷப்பட்டாய். கூட ஒரு டச்சுத் தம்பதியும் வருகிறார்கள் என்றதும் போனை மாமாவிடம் கொடுத்துவிட்டாய். மாமா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கிலோ எறா சொல்லி வைக்கணும்?" அதனால்தான் கடிதம். போனில் சொன்னால் நம் வீட்டில் பாதிதான் காதில் ஏறும், அந்தப் பாதியும் சாப்பாட்டுப் பாதியாகத்தான் இருக்கும்.

அந்த மனுஷர் என் அலுவலகத்துக்காரர். கடலோர மணல் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று கணக்குப் போடுவதற்கு அவருக்குச் சம்பளம். சிரிக்காதே. இந்த நாட்டில் கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. 1953 ஜனவரி கடைசி இரவில் கடல் கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததில் 1,800 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அன்றிலிருந்து கடலை இவர்கள் பாகம் பிரித்த பங்காளியைப் போலத்தான் பார்க்கிறார்கள்: பேச்சுவார்த்தை உண்டு, நம்பிக்கை கிடையாது. 2011-ல் ஹேக் நகரத்துக்குத் தெற்கே 2 கோடி கன மீட்டருக்கும் மேல் மணலைக் கடலடியிலிருந்து உறிஞ்சிக் கரையோரம் கொட்டினார்கள். கொட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்கள். அலையும் காற்றும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கரை நெடுகப் பரப்பிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. கடலிடமே கூலி கொடுக்காமல் வேலை வாங்குகிற ஜனம் இது.

இவர்கள் கடற்கரைக்குப் போகிற அழகையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் வருகிறவர்களைப் புரிந்துகொள்வாய். எங்கள் ஊரிலிருந்து ஒன்றாம் நம்பர் டிராம் ஏறினால் நேரே ஸ்கெவெனிங்கன் கடற்கரையில் இறக்கிவிடும். காற்று ஆளைத் தள்ளும். ஒவ்வொரு குடும்பமும் நாலு குச்சி நட்டு, துணித் தட்டி கட்டி, அதற்குள் பதுங்கிக்கொண்டு வெயில் காய்கிறது. வெயில் என்று நான் சொல்வதை நீ நம் ஊர் வெயில் என்று நினைத்துவிடாதே. ஜனவரி முதல் தேதி ஆயிரக்கணக்கான பேர் ஆரஞ்சுக் குல்லாய் மாட்டிக்கொண்டு, உடம்பில் பேருக்கு ஒரு துணியோடு, கூச்சல் போட்டபடி அந்தப் பனிக்கட்டித் தண்ணீருக்குள் ஓடி விழுந்து எழுந்து வருவார்கள். அதன் பிறகு பட்டாணி சூப். வேண்டுதல் ஏதும் இல்லை, சும்மாதான்!

சாப்பாடு என்றால் ஹெர்ரிங் மீன். சமைப்பதில்லை. உப்பில் போட்டு வைத்த பச்சை மீனுக்கு மேலே பொடி வெங்காயம் தூவி, வாலைப் பிடித்துத் தூக்கி, அண்ணாந்து வாய்க்குள் இறக்க வேண்டும். நானும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, அம்மாவிடம் சொல்லாதே.

இப்போது திட்டத்துக்கு வருகிறேன். அவர் மனைவி, அந்த அம்மாள், ஒரு அட்டவணை போட்டிருக்கிறார். நேரம், இடம், தூரம், மழை வந்தால் என்ன செய்வது என்று கட்டம் கட்டமாக. மூன்று நாள் கடலோரம், நடை, படகு, உள்ளூர்ச் சாப்பாடு, அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டும். "உங்கள் ஊர்க்காரர்கள் கடற்கரையில் என்ன செய்வார்கள்?" என்று என்னைக் கேட்டார். யோசித்துப் பார்த்தேன் அக்கா. மாசி மகத்துக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமியெல்லாம் தேவனாம்பட்டினத்துக்குத் தீர்த்தவாரிக்கு வரும்போது நாமும் போவோம். அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போவோம். காணும் பொங்கலுக்குப் போய்ப் பிள்ளையைத் தொலைத்துக் கண்டுபிடிப்போம். மற்றபடி பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கணுக்கால் நனைய நிற்போம். "நிற்போம்" என்றேன். "எவ்வளவு நேரம்?" என்றார். இரண்டு மணி நேரம் என்று எழுதிக்கொண்டார்.

காணும் பொங்கல் கூட்டத்தில் அவர்களைக் கொண்டுபோய் விட மனசு வரவில்லை. அது கலைந்த பிறகு முதல் நாள் கடலூர். சாயங்காலம் வெள்ளிக் கடற்கரை. இந்த இடத்தில் மாமாவிடம் ஒரு வேண்டுகோள். செயின்ட் டேவிட் கோட்டைக் கதையை அவர் ஆரம்பித்தால் கிளைவிலிருந்து ஆரம்பிப்பார். நம் விருந்தாளிக்கு அது பொருத்தமில்லை. இங்கிலீஷ்காரனுக்கு முன்பே இவர்கள் முன்னோர் அங்கே வந்துவிட்டார்கள். 1608-லேயே செஞ்சி நாயக்கரிடம் அனுமதி வாங்கித் தேவனாம்பட்டினத்தில் கால் ஊன்றினார்கள். சீக்கிரமே பழவேற்காடு பெரிதாகிவிட்டது, கவனம் அங்கே போய்விட்டது. இங்கிலீஷ்காரன் 1690-ல் மராட்டியரிடம் கோட்டையை விலைக்கு வாங்கும்போது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் நிலம் எங்களுக்கு என்று எழுதி வாங்கினான். பீரங்கி எவ்வளவு தூரம் சுடும் என்று விற்றவர் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. குண்டு விழுந்த எல்லைக்குள் ஊர்களே அடங்கின என்பதற்குக் குண்டு உப்பலவாடி என்கிற ஊர்ப்பெயர் இன்னும் சாட்சி. இதை நம் மணல்காரரிடம் சொன்னபோது சிரிப்பார் என்று பார்த்தேன். "குண்டு எந்தக் கோணத்தில் சுடப்பட்டது?" என்று கேட்டார். மாமாவும் அவரும் ஒத்துப்போவார்கள் என்றே தோன்றுகிறது.

அன்று கடற்கரையில் அவர்கள் நீந்த வேண்டும் என்பார்கள். நீந்தத் தெரிந்தவர்கள்தான், இங்கே பள்ளிப் பிள்ளைகளே நீச்சல் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்குகின்றன. ஆனால் வங்காள விரிகுடாவுக்கு அந்தச் சான்றிதழைப் படிக்கத் தெரியாது. உள்ளூர் மீனவர் யாரையாவது கேட்டுவிட்டு, அவர் காட்டுகிற இடத்தில் மட்டும் இறங்கட்டும். அந்த அம்மாளின் குளியல் உடை பற்றி நான் ஏற்கெனவே பேசிவிட்டேன். முழங்கால் வரைக்கும் கால்சட்டை, மேலே பனியன் என்று ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. சித்தியிடமும் அதே அளவு பெருந்தன்மையை எதிர்பார்க்கிறேன்.

இரண்டாம் நாள்தான் உண்மையில் அவர் விமானச் செலவு செய்து வருவதற்குக் காரணம். பிச்சாவரம். நமக்கு அது எம்.ஜி.ஆர். 'இதயக்கனி'க்கு வந்துபோன இடம். அவருக்கு அது 1,100 ஹெக்டேர் சதுப்புக் காடு, 2022-லிருந்து ராம்சர் பட்டியலில் இருக்கிற ஈரநிலம். 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று மறு வருஷமே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வந்ததாம். அந்த ஊர்கள் மேட்டில், கடலுக்குத் தள்ளி இருந்ததுதான் காரணம், மரமில்லை என்று வேறு சிலர் மறுத்து எழுதினார்களாம். இரண்டு பக்கத்தையும் அச்செடுத்து வைத்திருக்கிறார். படகுக்கார அண்ணனிடம் தீர்ப்புக் கேட்கப்போகிறார். படகுக்கார அண்ணன் எந்த மரத்தடியில் எந்தக் கட்டிப்பிடி டூயட் எடுத்தார்கள் என்று காட்டுவார். யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

காலை எட்டு மணிக்குள் படகுத்துறையில் இருக்க வேண்டும். வெயில் ஏறினால் காட்டுக்குள் போவது புழுக்கம், பறவையும் அடங்கிவிடும். மோட்டார் படகு வேண்டாம், அது அகலமான கால்வாயோடு திரும்பிவிடும். துடுப்புப் படகுதான் சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் வளைந்து இறங்குகிற சந்துகளுக்குள் நுழையும், குனிந்து போக வேண்டும். அவர் உயரம் ஆறரை அடி. நம் சிதம்பரத்துக்குப் பேர் கொடுத்த தில்லை மரமும் அங்கேதான் நிற்கிறது. அதை ஒடித்துப் பார்க்க மட்டும் விடாதே, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து. இவர் எதையும் ஒடித்துப் பார்க்கிற ரகம்.

திரும்பும் வழியில் அன்னங்கோயிலில் மாமா மீன் வாங்கட்டும். விருந்தாளிகள் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும், அவர்கள் தலை தெரிந்தால் சங்கரா விலை வஞ்சிரம் விலைக்கு ஏறும். பரங்கிப்பேட்டையில் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தை வெளியிலிருந்தாவது காட்டிவிடுங்கள். சாயங்காலம் சாமியார்பேட்டை. அங்கே நின்றால் போதும்.

சாப்பாடு. அக்கா, இதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படி. இங்கே மதியச் சாப்பாடு என்பது இரண்டு ரொட்டித் துண்டு, நடுவே பாலாடைக்கட்டி. விசேஷம் என்றால் ரொட்டிமேல் சாக்லேட் தூள். ராச்சாப்பாடு மாலை ஆறு மணிக்கு. ஆமாம், நீ இரண்டாவது காப்பி போடுகிற நேரம். எனவே ஒரு வேளைக்கு ஒரு குழம்பு, ஒரு வறுவல் போதும். கிழங்கான் வறுவல், சுறாப் புட்டு, நீ வைக்கிற நெத்திலிக் குழம்பு, மூன்றையும் மூன்று வேளைக்குப் பிரித்து வை. காரத்தைக் குறைக்க வேண்டாம். இந்தோனேசியாவை நூற்றாண்டுக் கணக்கில் ஆண்டவர்கள், அங்கிருந்து கொண்டுவந்த சம்பலை இங்கே வீட்டுக்கு வீடு தின்கிறார்கள். முள்தான் சிக்கல். கிழங்கானில் முள் எடுக்கக் கற்றுக்கொடுப்பது உன் சின்னவன் பொறுப்பு.

மூன்றாம் நாள் சிதம்பரம் கோயில். பிறகு கத்தரிக்காய் கொத்சும் சம்பா சாதமும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த மிளகு வாசனைக்காக நான் இங்கே கனவில்கூட வரிசையில் நின்றிருக்கிறேன். அவித்த மல்லாட்டை, பனங்கிழங்கு ஆகியவை அவர்கள் பையில் போகட்டும். தை ஐந்தாம் நாள் பொருந்திவந்தால் பெண்ணையாற்றங்கரையில் ஆற்றுத் திருவிழாவுக்கும் கூட்டிப்போகலாம். சுருளிக்கிழங்கு வாங்கிக்கொடுத்து, எப்படித் தோலுரிப்பது என்று காட்டிவிட்டால் அரை மணி நேரம் அவர்கள் பேசமாட்டார்கள்.

கணக்கு விஷயம் ஒன்று. காப்பி வாங்கிக் கொடுத்தால்கூட, அன்று ராத்திரியே தங்கள் பங்கை அனுப்பிவைப்பது இவர்கள் பழக்கம். அவமானமாக எடுத்துக்கொள்ளாதே. அந்த அம்மாள் மீன் காசைக் கணக்குப் பார்த்து உன் கையில் திணித்தால், மாமாவை வேறு பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு வாங்கி வை. வாங்காவிட்டால் நெதர்லாந்து திரும்பும் வரை என்னைத் தூங்கவிடமாட்டார்.

வேன் வேண்டாம் என்று திரும்பவும் சொல்கிறேன். நாலு பேர் போக ஒரு கார் போதும். சித்தி, பெரியம்மா வீடு, புவனகிரி அத்தை, மாடி வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் கடல் பார்க்க ஆசை இருக்கும், எனக்குப் புரிகிறது. வேறொரு நாள் போவோம்.

அட்டவணையின் கடைசி வரியை உனக்கு மட்டும் சொல்கிறேன். மூன்றாம் நாள் மாலை, "உறவினர் வீடுகள் சந்திப்பு, மொத்தம் 30 நிமிடம்" என்று போட்டிருக்கிறார். நான் திருத்தவில்லை. நீயே பேசிக்கொள்.

உன் தம்பி